அடித்தளப் பாடத்தில் அந்தமான் எங்கே?

2017 ஜூலை 1 வரை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கடை வைத்திருந்தவர்கள் விற்பனை வரி ரிட்டர்ன் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. இங்கே வாட் வரி கிடையாது. அதற்கு முந்தைய விற்பனை வரியும் கிடையாது. சென்னையில் சரக்கு எடுக்கும்போது அங்கே கட்டிய வரி விலைக்குள் அடங்கிவிடும். அதோடு சரி. ஜிஎஸ்டி வந்த பிறகுதான் அபர்தீன் பஜாரின் பாத்திரக் கடைக்காரரும் கராசர்மாவின் சிமென்ட் வியாபாரியும் முதன்முறையாக மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் ஆனார்கள்.

போர்ட் பிளேயரில் நான் வரி ஆலோசகர். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, கடைத்தெருப் பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான்.) காரைக்குடியில் பி.காம். படித்து, கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். 2017-இல் எங்கள் அலுவலகத்தில் ஆள் போதவில்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதுவரை செயற்கைக்கோள் இணையம். பகலில் பக்கம் திறக்காது, நள்ளிரவுக்கு மேல் உட்கார்ந்து தாக்கல் செய்வோம். 2017-இலிருந்தே, இங்கேயே பட்டம் முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்துவருகிறேன். நல்ல பிள்ளைகள். பற்று வரவு பிசகாது. டாலியில் விரல் ஓடும். ஆனால் ஒரு கடைக்காரர் எதிரே உட்கார்ந்து, "சென்னையில் சரக்கு வாங்கும்போது ஐஜிஎஸ்டி கட்டிவிட்டேனே, இங்கே எதற்கு இன்னும் இரண்டு வரி?" என்று கேட்டால் திகைத்துப் போவார்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்பது அத்துபடி. அந்த எண் ஏன் அங்கே போகிறது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில், அவர் தொழிலை வைத்தே சொல்ல வராது.

இதற்குக் கணக்குப்பதிவியல் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். கோளாறு இருப்பது முதல் ஆண்டில், எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் அந்த அடித்தளப் பாடங்களில். மொழி, வணிகக் கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், சட்ட அறிமுகம், சுற்றுச்சூழல், விழுமியம் என்று பட்டியல் நீளும். பிள்ளைகள் வாயில் இவை 'சைடு பேப்பர்'. பாஸ் ஆனால் போதும். பல இடங்களில் கல்லூரியும் அப்படித்தான் நடத்துகிறது. நிரந்தர ஆசிரியர்களுக்கு மேல்வகுப்புப் பாடங்களைப் பிரித்துக் கொடுத்த பிறகு, மிச்சம் இருக்கும் இந்தத் தாள்கள் அந்த ஆண்டு கிடைக்கிற கெஸ்ட் லெக்சரர் தலையில் விழும். இரண்டு மூன்று துறை மாணவர்களைச் சேர்த்து ஒரே பெரிய அறையில் வகுப்பு. நோட்ஸ் ஜெராக்ஸ். தேர்வு. முடிந்தது.

இந்தப் பாடங்களின் அளவு சிறியதென்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதில் பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, திறன் வளர்ப்புக்கு 9, விழுமியப் பாடங்களுக்கு 6 முதல் 8. கூட்டிப் பார்த்தால் பட்டத்தில் கால் பங்குக்கும் மேல். புள்ளியியல், பொருளாதாரம் போன்றவை முதன்மைப் பாடக் கணக்கில் தனியாக வருகின்றன. பிபிஏ படிப்பு 2024-25 முதல் ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்திருக்கிறது. அது வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் முதல் ஆண்டிலேயே புள்ளியியலோடு தர்க்கத்தையும், பிறகு அரசமைப்பையும் வைத்திருக்கிறது. ஏட்டில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

பெற்றோர் என்னிடம் வந்து, "வேலைக்கு உதவுகிற கோர்ஸா பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஜிஎஸ்டி சான்றிதழ், டாலி சான்றிதழ். நான் அவர்களிடம் சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டியின் 12 சதவீத அடுக்கும் 28 சதவீத அடுக்கும் போயின. பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் நகர்ந்தன. பொருள்வாரியாக விகிதங்களை மனப்பாடம் செய்திருந்த பையனுக்கு அன்று காலை கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1-இலிருந்து அதன்படிதான் எல்லாம். நாங்கள் நாக்கு நுனியில் வைத்திருந்த பிரிவு எண்கள் அத்தனையும் மாறின. இப்படிப்பட்ட நாளில் என் அலுவலகத்தில் யார் நிமிர்ந்து நின்றார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒரு சட்டப்பிரிவை முதல் வரியிலிருந்து கடைசி விதிவிலக்கு வரை பொறுமையாக வாசிக்கத் தெரிந்த பெண்ணும், வரி ஏறினால் சுமை வாங்குபவர் மேல் எவ்வளவு, விற்பவர் மேல் எவ்வளவு என்று யோசிக்கத் தெரிந்த பையனும்தான். இரண்டும் முதல் ஆண்டுப் பாடங்கள்.

புள்ளியியலை எடுத்துக்கொள்வோம். திட்ட விலக்கம் கணக்கிடச் சொன்னால் பிள்ளைகள் நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்று கேட்டால், "சார் எக்ஸாமுக்குக் கேட்பார்" என்கிறார்கள். இந்தத் தீவில் திட்ட விலக்கத்தை அறியாமல் ஒரு மளிகைக் கடையும் நடக்காது. சென்னைக்கும் எங்களுக்கும் இடையே கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். ஒரு கடைக்கு 11, 12, 13 நாள் இடைவெளியில் சரக்கு வருகிறது என்று வையுங்கள். இன்னொரு கடைக்கு 6, 12, 18 நாள் இடைவெளி. சராசரி இருவருக்கும் 12-தான். முதல் கடைக்காரர் 13 நாளுக்கு வெங்காயம் வைத்திருந்தால் போதும். இரண்டாமவர் 18 நாளுக்கு வாங்கி அடுக்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் பாதி முளைவிடும், அழுகும், அந்த நஷ்டத்தையும் விலையில் ஏற்ற வேண்டும். இங்கே காய்கறி விலையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அதிர்ந்து போகிறார்கள். கப்பல் கட்டணத்தோடு, கப்பல் எப்போது வரும் என்ற நிச்சயமின்மைக்கும் நாங்கள் காசு கொடுக்கிறோம். பஜாரில் படிக்காத பெரியவர்கள் இதை விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார்கள். நம் பிள்ளை கையில் சூத்திரம் இருக்கிறது, அந்தப் பெரியவரின் கணக்கும் தன் சூத்திரமும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பாடநூலில் இருக்கும் உதாரணம் எங்கோ ஒரு பெருநகரத் தொழிற்சாலையின் பல்பு ஆயுள்.

சுற்றுச்சூழல் பாடம் இதைவிட மோசம். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் வந்த பாடம் அது. எல்லாப் பட்டத்துக்கும் கட்டாயம். பிகாம் மாணவர்கள் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்த கதையை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே வாழ்ந்த ஒரு முழுக் கம்பெனி சுற்றுச்சூழல் தீர்ப்பு ஒன்றால் மறைந்த வரலாறு கிடக்கிறது. அது எந்தத் தாளிலும் இல்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். காட்டு மரம் வெட்டி விற்பதுதான் அதன் பிழைப்பு. சின்ன அந்தமானில் சுமார் 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை வளர்த்தது. கச்சால் தீவில் ரப்பர். அந்த ரப்பர் தோட்டத்தில் உழைத்தவர்களில் 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இது ஒரு பக்கம். மறுபக்கம், நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-இல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கு வளர்ந்து நாடு முழுவதன் காடுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கள் தீவுகளைப் பார்வையிட நீதிமன்றம் சேகர் சிங் ஆணையத்தை அமர்த்தியது. 2002 பிப்ரவரியில் அறிக்கை, மே 7-ஆம் தேதி உத்தரவு. வணிகத்துக்காக இயற்கைக் காட்டை வெட்டுவது நின்றது. கழகத்தின் முக்கிய வருமானமும் அன்றோடு நின்றது. அதன் பிறகு சம்பளத்துக்கே மத்திய அரசின் கடனை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இடையில் 2004 சுனாமி கச்சாலைச் சின்னாபின்னமாக்கியது. 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை கழகத்தை மூட ஒப்புதல் தந்தது.

முதலாண்டு வணிக மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஒரே மூலப்பொருளை நம்பிய நிறுவனம் என்ன ஆகும்? காட்டை ஐந்தொகையில் எப்படி மதிப்பிடுவது? வெட்டிய மரத்துக்கு விலை உண்டு, நிற்கும் மரத்துக்கு விலை எழுதாமல் விட்டதால் எத்தனை ஆண்டு லாபம் லாபமே இல்லாமல் இருந்திருக்கும்? வேலை இழந்த குடும்பத்துக்கு யார் பொறுப்பு? நான் தீர்ப்பின் பக்கம்தான் நிற்கிறேன். அந்தக் காடுகள் எங்கள் குடிநீர், ஓங்கே பழங்குடியினரின் வீடு. ஆனால் தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டையும் அதே வகுப்பில் மேசைமேல் வைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கணக்கு, சட்டம், பொருளாதாரம், சுற்றுச்சூழல் நான்கும் ஒரே கோப்பில் இருக்கின்றன. நாம் அவற்றை நான்கு தாளாக வெட்டி, நான்கிலும் உயிரை எடுத்துவிட்டுத் தருகிறோம்.

சட்டமும் அப்படித்தான். ஒப்பந்தச் சட்டம் 1872 எல்லா ஊருக்கும் பொது, சரி. இங்கே 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. நிக்கோபாரில் கடை போட நினைக்கும் எந்தப் பட்டதாரிக்கும் முதலில் தேவைப்படுவது அது. கார் நிக்கோபாரில் இருந்து ஒரு மாணவி எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்தாள். உரிமையாளர் யார் என்று பூர்த்தி செய்யும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஊரில் தென்னந்தோப்பு 'துஹேத்' என்ற கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு ஆளின் பெயரில் எழுத முடியாது. சுனாமிக்குப் பிறகு இழப்பீட்டுப் பணம் தனித்தனிக் குடும்பத் தலைவர்களின் வங்கிக் கணக்குக்குப் போனபோது, அந்தப் பழைய ஏற்பாடு எப்படி ஆட்டம் கண்டது என்று அவள் சொன்னாள். தனிநபர், கூட்டாண்மை, நிறுவனம் என்று மூன்று வகையில் உலகத்தை அடக்கிவிட்ட பாடநூல் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. அவள் சொல்வதைக் கேட்டிருந்தால் அவளோடு படித்த மற்றவர்கள் நிறைய கற்றிருப்பார்கள்.

மொழிப் பாடத்தைப் பற்றி எனக்கு ஆற்றாமை அதிகம். 2011 கணக்கெடுப்பில் இங்கே வங்காளம் பேசுவோர் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இந்தி, தேர்வுத்தாளில் ஆங்கிலம் என்று மூன்றிலும் வாழ்கிற பிள்ளைகள் இவர்கள். பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத செல்வம் இது. இதை வைத்துக்கொண்டு நாம் செய்வது, வங்கி மேலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதச் சொல்வது. வரித்துறை நோட்டீஸ் ஒன்றை எடுத்து, அதில் என்ன கேட்கிறார்கள் என்று தெலுங்கு மீன் வியாபாரிக்கு இந்தியில் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் எழுது என்று ஒரு பயிற்சி கொடுத்தால் என்ன? நான் பி.காம். படித்தபோது தமிழ்த் தாள் இருந்தது. ஒரு பக்கத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வைப்பார்கள். இன்று பத்துப் பக்க உத்தரவை ஐந்து வரியில் கடைக்காரருக்குச் சொல்கிறேன் என்றால் அந்தத் தமிழ் ஆசிரியைக்குத்தான் நன்றி சொல்வேன். முதன்மைப் பாடம் எதுவும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

அடித்தளப் பாடம் என்றாலே சிலர் 2013-ஐ நினைவூட்டுவார்கள். டெல்லி பல்கலைக்கழகம் அந்த ஆண்டு நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து, எந்தத் துறை மாணவரானாலும் 11 அடித்தளப் பாடங்கள் கட்டாயம் என்றது. வணிகமும் தொழில்முனைவும்கூட அதில் ஒன்று. பள்ளிப் பாடத்தையே திரும்பப் படிக்க வைக்கிறார்கள் என்று மாணவர்களும் ஆசிரியர்களும் கொதித்தார்கள். 2014 ஜூனில் அந்தத் திட்டமே போனது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கணிதமே முதன்மைப் பாடமாக எடுத்தவரையும் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவரையும் ஒரே கணிதத் தாளில் உட்காரவைத்தால் இருவருக்குமே அது வீண். வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார், அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்காமல் தயாரித்த பாடம் எங்கே போட்டாலும் தோற்கும். திக்லிபூருக்கும் அதே தாள், கேம்ப்பெல் பேவுக்கும் அதே தாள், எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் புதுச்சேரிக்கும் அதே தாள் என்றால் நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அடித்தளத்தையே குறைத்துவிட்டுத் தொழில் பயிற்சியைக் கூட்டலாம் என்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. 1881-இல் வார்ட்டனில் தொடங்கி அமெரிக்காவில் வணிகக் கல்லூரிகள் பெருகின. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹோவெலும், கார்னகி நிறுவனத்துக்காக பியர்சனும் தனித்தனியே ஆராய்ந்து இரண்டு அறிக்கைகள் தந்தார்கள். குறுகிய தொழில் நுணுக்கங்களைச் சொல்லித்தருவதிலேயே இந்தப் படிப்பு தேங்கிவிட்டது என்று இரண்டுமே சொல்லின. மொழி, கணிதம், சமூக அறிவியல் போன்ற பொதுக் கல்விக்குப் பட்டத்தில் பெரும் பங்கு வேண்டும் என்றன. தொழில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லாத ஊரிலேயே அப்படி. எங்கள் பிள்ளைகளுக்கோ இன்று சுற்றுலா, நாளை மீன் ஏற்றுமதி, மறுநாள் வேறொன்று என்று தொழில் தாவ வேண்டியிருக்கும். 2020-இல் சுற்றுலா ஒரே வாரத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் வரப்போகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. அது அடங்கிய முழுத் திட்டத்துக்கும் சேர்த்துச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை, ஷோம்பென் மக்களின் நிலம். அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு அச்சம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. என் அலுவலகப் பிள்ளைகள் சிலர் வேலை வரும் என்று ஆவலோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கமும் நிற்கட்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஒன்றைத் திறந்து, அதில் செலவு எங்கே, வருமானம் எங்கே, எதற்கு விலை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடத் தெரிந்தவர்களாக நிற்க வேண்டும். அதற்கான படிப்பு மூன்றாம் ஆண்டு நிதி மேலாண்மையில் திடீரென்று வந்துவிடாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஜே.என்.ஆர்.எம். என்று நாங்கள் அழைக்கும் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா 1967 முதல் இயங்குகிறது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பல்துறைப் பாடங்களுக்கான 9 கிரெடிட்டில் 3 கிரெடிட்டை, அதாவது ஒரே ஒரு தாளை, தீவுகளின் பொருளியலுக்கு என்று ஒதுக்கி, அதை எழுதும் பொறுப்பை இங்குள்ள ஆசிரியர்களிடம் பல்கலைக்கழகம் விட வேண்டும். அந்தத் தாளைக் கல்லூரியின் மூத்த, நிரந்தர ஆசிரியர் நடத்த வேண்டும். வனக் கழகத்தின் கதை, துஹேத், கப்பல் அட்டவணை, ஜங்லிகாட் மீன் ஏலம், டீசலில் ஓடும் எங்கள் மின்சாரத்துக்கு அரசு தரும் மானியம், நெய்வேலி என்எல்சி இங்கே வந்து நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் எல்லாம் அதில் வரட்டும். பாதி மதிப்பெண்ணாவது பிள்ளைகள் வெளியே போய் எழுதிவரும் கள அறிக்கைக்கு இருக்கட்டும்.

கைவசம் நோட்ஸ் இல்லையே என்று ஆசிரியர்கள் தயங்க வேண்டாம். எங்கள் கோப்புகளிலிருந்து பெயரையும் பதிவெண்ணையும் நீக்கிவிட்டுப் பத்து வியாபாரிகளின் ஓராண்டுக் கணக்கைத் தரச் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறேன். ஹாடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் முகவர்களிடமும் பேசினேன். கப்பல் நிற்கும் நாளில் பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கு அனுப்பினால், பில்லைக் கையில் கொடுத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.